அடைமொழி தாங்காத அச்சுப்பொறிகள்

அச்சுப்பொறிகள் எல்லாம் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்ட பிறகுதான், வைகைச்சாரல் கல்லூரி அலுவலகத்துக்குச் சன்னல்கள் இருப்பதே பலருக்குத் தெரியவந்தது. அதுவரை அந்தக் கட்டடத்தில் கேட்டதெல்லாம் தாளை உறிஞ்சும் சத்தமும் தாளைத் துப்பும் சத்தமும்தான். அது நின்றதும் வேப்பம்பூ வாசம் உள்ளே வந்தது. எங்கேயோ ஒருவன் மாட்டை அதட்டுவது கேட்டது. உசிலம்பட்டி ரோட்டுக்கு அப்பால் நாகமலை சித்திரை வெயிலில் மிதந்தபடி, மெல்ல மெல்ல மேற்கே நகர்வதுபோல இருந்தது. நகரவில்லை என்று யாரும் எழுத்துமூலம் உறுதி கொடுக்க முடியாது. எழுத்துக்கு அச்சு வேண்டுமே!

அந்தக் கல்லூரியில் ஒரு விஷயம் நடந்ததா இல்லையா என்பதைத் தாள்தான் சொல்லும். தட்டச்சாகி, அச்சாகி, கல்லூரித் தலைவர் பச்சை மையில் கையெழுத்துப் போடாத எதுவும் அங்கே நடந்ததாகக் கொள்ளப்படுவதில்லை. போன வருட மழையில் சைக்கிள் ஸ்டாண்டின் கூரை இடிந்து விழுந்தது. அதைப் பற்றிய குறிப்பு கையெழுத்தாகி வரும்வரை அடியில் நசுங்கிக் கிடந்த வண்டிகளைத் தொட யாரையும் விடவில்லை. கூரை இன்னும் விழவில்லை என்பதே அதுவரை நிர்வாகத்தின் நிலைப்பாடாக இருந்தது.

ஆகையால் இன்று காலையிலிருந்து கல்லூரியில் எதுவும் நடக்கவில்லை. குமாஸ்தாக்கள் வராந்தாவில் காரணமில்லாமல் நடந்தார்கள். எதிரே வருபவரைப் பார்த்துக் காரணமில்லாமல் சிரித்தார்கள். லீவு கேட்க முடியாததால் எல்லாரும் இருந்தார்கள். வேலை பார்க்க முடியாததால் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. மின்விசிறிகளின் கீழே அலுவலகம் மொத்தமும் கண்மாய்த் தண்ணீருக்குள் கண்ணைத் திறந்து பார்த்ததுபோல அசங்கிக்கொண்டிருந்தது.

அந்தத் தண்ணீருக்குள் மூச்சு முட்டியது ஒருத்திக்குத்தான். அவள் முத்துமீனா.

கல்லூரியின் கணினிகளையும் அவற்றை இணைக்கிற வலைப்பின்னலையும் கவனித்துக்கொள்வது அவள் வேலை. உசிலம்பட்டிப் பக்கம் பிறந்த ஊர். அவள் அப்பா வழியில் எல்லாரும் அடுத்தவர் காட்டில் களை எடுத்தவர்கள். கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு டவுன் பஸ் ஏறிய முதல் ஆள் அவள்தான். அம்மா ராக்கம்மாள் சந்தைக்குப் போகிறவர்களை மறித்து, "எம் மக காலேசு கம்ப்யூட்டரையெல்லாம் பத்தி மேய்க்கிறா" என்று சொல்லிவிட்டுத்தான் வழிவிடுவாள். இன்று அந்த வேலைக்கு உலை வைத்தாகிவிட்டது. வைத்தவர் அலுவலக மேனேஜர் மலைச்சாமி.

விஷயம் இவ்வளவுதான். சில வாரங்களுக்கு முன்பு, அந்த அச்சுப்பொறிகளைச் செய்த கம்பெனி ஓர் எச்சரிக்கை விட்டிருந்தது. தாளோடு சேர்த்து அனுப்புகிற பெயர் அளவுக்கு மீறி நீளமாக இருந்தால் பொறி அதை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் அப்படியே உறைந்துவிடும். எவர் வேண்டுமானாலும் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு நீளமான பெயரை அனுப்பி ஓர் அலுவலகம் முழுவதையும் முடக்கலாம். ஆகவே பொறிக்குள் இருக்கும் மென்பொருளைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். முத்துமீனா இதையெல்லாம் குறிப்பாக எழுதி மலைச்சாமியிடம் கொண்டுபோனாள்.

மலைச்சாமி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார். "எவர் வேண்டுமானாலும்னு மொட்டையாப் போட்டிருக்கியே. எவர்னு பேர் போடும்மா."

"இன்னும் யாரும் பண்ணலையே சார். பண்ணலாம்னு சொல்றேன்."

"பண்ணாதவன் மேல எப்படி நடவடிக்கை எடுக்கிறது? பண்ணட்டும், பெறகு வா."

இன்று பண்ணிவிட்டார்கள். காலையில் ஒவ்வொரு பொறியாக நின்றது. அணைத்துப் போட்டால் சூடாகும், பச்சை விளக்கு எரியும், வரிசையில் முதலில் நிற்கும் தாளை வாங்கும், அப்புறம் பேச்சின் நடுவே தூங்கிப்போனவரைப் போல நின்றுவிடும். மலைச்சாமி அவள் மேசைக்கே வந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. கண்டுபிடித்துவிட்டவரின் களை இருந்தது.

"எம்புட்டு கரெக்டாச் சொன்ன நீ! பேரு நீளமா வரும், மெஷின் உறைஞ்சு போகும்னு. சொன்ன மாதிரியே நடந்திருச்சே. செய்யப் போறவளைத் தவிர வேற யாருக்கும்மா தெரியும்?"

"சார், மழை வரும்னு ரேடியோவுல சொல்றாங்க. அவங்களா மழையக் கொண்டாராங்க?"

"அது கவர்மெண்டு. நீ கவர்மெண்டா?"

பேச்சு அதோடு முடிந்தது. அவர் போய்ப் பணி இடைநீக்க உத்தரவைத் தட்டச்சு செய்து, அச்சுக்கும் கொடுத்துவிட்டார். அதுவும் போய் வரிசையில் நின்றது. இடைநீக்கத்தில் போனவளை இந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்தக் கல்லூரியும் வாசலில்கூட நிறுத்தாது. அது முத்துமீனாவுக்கும் தெரியும், மலைச்சாமிக்கும் தெரியும். அச்சுப்பொறியின் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, பெரியார் பஸ் ஸ்டாண்டில் கடைசி வண்டிக்குக் காத்திருப்பவரைப் போல அவர் உட்கார்ந்துகொண்டார்.

"சீக்கிரம் சரி பண்ணும்மா. சரி பண்ணினா உன் ஆர்டர் வெளிய வந்துரும்."

"பண்ணலைன்னா?"

"வேணும்னே பண்ணலைன்னு இன்னொரு ஆர்டர் போடுவேன்."

"அதுவும் இந்த மெஷின்லதானே சார் வரணும்?"

மலைச்சாமி யோசித்தார். வெகுநேரம் யோசித்தார். ஓர் ஈ அவர் புருவத்தில் உட்கார்ந்து, கடந்து, பறந்து போனது. "அதுக்குத்தான் சொல்றேன்," என்றார் கடைசியில், "முதல்ல சரி பண்ணு."

சரி பண்ணாமலும் இருந்துவிடலாம். உத்தரவு அந்தப் பெட்டிக்குள்ளேயே கிடந்து தூங்கட்டும். ஆனால் தேர்வுப் பிரிவிலிருந்து தமிழ்வாணி வந்து நின்றாள். முத்துமீனாவோடு ஒரே டிபன் டப்பாவில் சாப்பிடுகிறவள்.

"மீனா, நாளைக்குப் பரீட்சைடி. ஹால்டிக்கெட் ஒன்னுகூட அச்சாகல. டிக்கெட் இல்லைன்னா வாசல்லயே நிறுத்திருவாங்க. நீ சரி பண்ணிரு. ஐயோ, சரி பண்ணாத. சே, என்ன சொல்றதுன்னே தெரியல எனக்கு."

"போ. நான் பாக்குறேன்."

கதவைச் சாத்திக்கொண்டு குளிரூட்டிய சர்வர் அறைக்குள் உட்கார்ந்தாள். சின்ன விளக்குகள் மினுங்கின. வெளியே நின்ற உலகத்தின் சத்தம் இங்கே கொஞ்சமும் இல்லை. காலையிலிருந்து அவள் சந்தேகம் வெளியாள் மேல்தான். பீஸ் கட்டாததால் வெளியே நிறுத்தப்பட்ட பையன், பக்கத்துக் கல்லூரிக்காரன், கடல்கடந்த எவனோ ஒருவன் என்று ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தாள். அந்த நீளமான பெயர் எந்தக் கணினியிலிருந்து ஏறியது என்று தேடிப் பிடித்தபோது, அது மலைச்சாமியின் மேசைக் கணினி என்றிருந்தது.

ஒரு நொடி அவளுக்குத் துள்ளிக் குதிக்கலாம்போல இருந்தது. அடுத்த நொடி அந்தப் பெயரையே பார்த்தாள்.

கல்லூரியில் எந்தத் தாளை அச்சுக்கு அனுப்பினாலும் அதன் தலையில் தலைவரின் முழுப்பெயர் தானாக ஏறிக்கொள்ளும். அது தலைவரின் ஆணை. போன ஞாயிற்றுக்கிழமை மதுரையில் ஒரு ஓட்டல் அரங்கில், பூமியில் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாத ஒரு பல்கலைக்கழகம் தலைவருக்குப் புதிய பட்டம் ஒன்றைச் சூட்டியது. இன்று காலை மலைச்சாமி, அவளிடம்கூடச் சொல்லாமல், பக்தியோடு தன் கையாலேயே அதையும் சேர்த்துவிட்டிருக்கிறார். இப்போது அந்தப் பெயர் திரையில், ரயில்வே கேட்டில் நிற்பவன் முன்னால் கூட்ஸ் வண்டி போவதுபோல, பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது. பன்னாட்டுப் பண்பாட்டுப் பேரொளி. கல்விக் காவலர். தென்னாட்டு ஞானச்சுடர். அறத்தின் ஆலமரம். மனிதநேய மாமணி. டாக்டர். மறுபடியும் டாக்டர். கடைசிப் பெட்டியில், கொடி காட்டுகிற கார்டு மாதிரி, சௌந்தரராஜன்.

போதாக்குறைக்கு, கணினி ஒரு தமிழ் எழுத்தை ஓர் எழுத்தாக எண்ணுவதில்லை. அதற்கு மூன்று இடம் கேட்கும். கொம்பும் காலும் வந்தால் இன்னும் கேட்கும். வெள்ளைக்காரன் செய்த பெட்டி. ஒரு மனிதனுக்கு இத்தனை பெருமை இருக்கும் என்று அவன் இடம் ஒதுக்கியிருக்கவில்லை. ஆக, தாக்கியது எதிரி இல்லை. தலைவரின் புகழ்.

சத்தமில்லாமல் நாலு பட்டத்தை அழித்துவிட்டால் தீர்ந்தது. விரல் அந்தப் பொத்தான்வரைக்கும் போய்விட்டது. பிறகு மலைச்சாமியின் குரல் மனசுக்குள் கேட்டது: 'பாத்தீங்களா சார், ஆர்டர் போட்டதும் பயந்து நிறுத்திட்டா.' முத்துமீனா விரலை எடுத்துக்கொண்டாள். அழிப்பதென்றால் பட்டத்துக்கு உரியவரின் கண்முன்னால்தான் அழிக்க வேண்டும்.

தலைவரின் அறையில் திரைச்சீலைகள் இழுத்து விடப்பட்டிருந்தன. சுவர் முழுக்கக் கேடயங்கள். அலமாரி முழுக்கச் சால்வைகள். கண்ணாடிக்குள் இருந்து அவை மங்கலாக மினுங்குவதைப் பார்த்தால், எப்போதோ மூழ்கிப்போன கப்பலுக்குள் வந்துவிட்டதுபோல இருந்தது. அத்தனைக்கும் நடுவில், வெறும் மேசையின் முன்னால், பச்சை மைப்பேனாவின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு சௌந்தரராஜன் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து ஒரு தாள்கூடக் கையெழுத்துக்கு வரவில்லை. மனைவி சாரதாம்பாளோடு போனில் வீட்டுப் பேச்சான சௌராஷ்டிரத்தில் ஏதோ பேசி முடித்தார். முத்துமீனாவுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் மேடையில் கேட்கிற குரல் இல்லை அது. ரசத்துக்கு உப்புப் போதுமா என்று கேட்பவரின் குரல்.

"யாருமே வரலம்மா இன்னைக்கு," என்றார் தலைவர். தூங்கி விழித்தவர்போல இருந்தார். "எல்லாரும் எங்க போயிட்டாங்க?"

"எல்லாரும் இங்கதான் சார் இருக்காங்க. தாள்தான் வரல." அவள் விஷயத்தைச் சொன்னாள். நின்றுகொண்டே சொன்னாள். சொல்லச் சொல்ல அவர் முகம் சுருங்கியது.

"என் பேரா? என் பேரா காலேஜை நிறுத்திருச்சு?"

"பேரு இல்ல சார். பேருக்கு முன்னாடி நிக்கிறது."

தலைவர் அலமாரிச் சால்வைகளை ஒருமுறை பார்த்தார். "அந்தப் புதுசை மட்டும் எடுத்தாப் போதாதா?"

"இன்னைக்கு நிறுத்தினது அதுதான் சார். ஆனா இங்க இருக்கிறதெல்லாம் வெவ்வேற வயசு மெஷினு. நேத்தே ரெண்டு திணறுச்சு. கொஞ்சம் எடுத்து எடுத்துப் பாப்போம்."

அவர் தன் கணினியை அவள் பக்கம் திருப்பினார். அறையின் மூலையில் அவருக்கென்றே ஓர் அச்சுப்பொறி இருந்தது. இருப்பதிலேயே பழையது. ஒவ்வொரு பட்டமாக எடுப்பது, அதை எழுப்பிப் பார்ப்பது என்று ஏற்பாடு. பேரொளி போனது. பொறி கண்விழித்தது, உறுமியது, தூங்கிப்போனது.

"அடுத்தது மனிதநேய மாமணி சார். எடுக்கவா?"

"அதா? அது என் பொறந்தநாளுக்கு மலைச்சாமி குடுத்தது. அன்னைக்கு அவருக்குப் பதவி உயர்வு ஃபைல் என் மேசையில இருந்துச்சு." கொஞ்சம் நிறுத்தினார். "எடு."

பொறி கண்விழித்தது, தூங்கியது.

"அறத்தின் ஆலமரம்?"

"போஸ்டர் அடிச்சவன் ஓரத்துல இடம் சும்மா கிடக்குன்னு போட்டான். நல்லா இருந்துச்சு. வச்சுக்கிட்டேன்."

"எடுக்கவா சார்?"

"எடும்மா. நிழலே இல்லாத மரம்."

ஞானச்சுடர் போனபோது மூலையில் இருந்த பொறி விழித்தது, உறுமியது, நிற்கவில்லை. தாளை உள்ளே இழுத்தது. முத்துமீனா அந்தக் குறைந்த பெயரையே வரிசையில் நிற்கும் எல்லாத் தாள்களின் தலைக்கும் ஏற்றினாள். கீழ்த்தளத்தில் அலுவலகப் பொறிகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டன. தகரக் கூரையில் மழை ஆரம்பிப்பதுபோல ஒரு சத்தம் மாடிப்படி ஏறி வந்தது.

"போதும் சார், மெஷின் ஓடுது."

தலைவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். நாவிதரிடம் தலையைக் கொடுத்தவரின் சுகம் அவர் முகத்தில் இருந்தது. "இரும்மா. காவலர் இருக்கே, அதையும் எடு. நான் எதைக் காத்தேன்? அப்புறம் அந்த டாக்டர்."

"ரெண்டு டாக்டர் இருக்கு சார்."

"ஒன்னு காசுக்கு வந்தது. ஒன்னு காசில்லாம வந்தது. காசில்லாம வந்ததுதான் ரொம்ப மட்டமான யுனிவர்சிட்டி. ரெண்டையும் எடு."

அவள் எடுத்தாள். திரையில் ஒரே ஒரு பெயர் நின்றது. அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்து அதைப் பார்த்தார். யாரோ தூரத்து உறவுக்காரரைக் கல்யாண வீட்டில் பார்த்து, பெயர் ஞாபகம் வராமல் சிரிக்கிறவர்போலச் சிரித்தார்.

கதவு திறந்தது. மூச்சிரைக்க மலைச்சாமி. கையில் இன்னும் சூடு ஆறாத தாள்.

"வந்துருச்சு சார்! நம்ம ஆர்டர்தான். ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா..." பேசிக்கொண்டே வந்தவர் முத்துமீனாவைப் பார்த்ததும், கோயில் கருவறைக்குள் ஆட்டைக் கண்டவர்போல நின்றார்.

தலைவர் தாளை வாங்கினார். அச்சுப்பொறிகளை உள்நோக்கத்துடன் முடக்கியமைக்காகப் பணியிலிருந்து இடைநீக்கம் என்றிருந்தது. அவர் கை பழக்கத்தில் பச்சைப் பேனாவிடம் போனது. அந்தக் கை கடந்த இருபது வருடமாகத் தாளைக் கண்டால் கையெழுத்துப் போடும். படிப்பது வேறு உறுப்பு. பேனா முனை தாளைத் தொடப் போனது. உசிலம்பட்டி பஸ்ஸின் படிக்கட்டு, அம்மா மறிக்கிற அந்தச் சந்தை வழி எல்லாம் தலைகீழாக ஒருமுறை முத்துமீனாவின் கண்ணுக்குள் வந்துபோயின.

"சார்," என்றாள். "முடக்கினேன்னு மட்டும் போட்டிருக்கு. எதை வச்சு முடக்கினேன்னு போடலையே."

மலைச்சாமி விழித்துக்கொண்டார். விதி என்றால் அவருக்கு எப்போதும் உயிர் வந்துவிடும். "அட ஆமா சார். ஆதாரம் குறிப்பிடணும், ரூல் அப்படித்தான். நீயே சொல்லும்மா. எதை வச்சு?"

"சாரோட பட்டங்களை வச்சு. இன்னைக்குக் காலையில பேரொளியச் சேர்த்ததும்தான் எல்லா மெஷினும் நின்னுச்சு."

பேனா அந்தரத்தில் நின்றது.

"மலைச்சாமி," என்றார் தலைவர் மெதுவாக, "இடைநீக்க ஆர்டரை நோட்டீஸ் போர்டுல ஒட்டுவீங்களா?"

"ஒட்டாம எப்படி சார்? ஒட்டணும்."

"அதுல இதெல்லாம் இருக்குமா? என் பட்டம் தாங்காம காலேஜே நின்னுபோச்சுன்னு?"

"ஆதாரம்னா விவரமா இருக்கணும் சார்."

"பசங்க படிப்பாங்களா?"

"நல்லாப் படிப்பாங்க சார். நோட்டீஸ் போர்டு ஒன்னைத்தான் படிக்கிறாய்ங்க."

தலைவர் பேனாவை மேசையில் வைத்தார். "சேர்த்தது யாருன்னும் போடணுமில்ல?"

"கட்டாயமா சார். அது யாரு சேர்த்த..." மலைச்சாமியின் வாய் அந்தச் சொல்லிலேயே திறந்தபடி நின்றது. காலையில் பார்த்த அச்சுப்பொறிகளின் அதே நிலை. பச்சை விளக்குக்கூட எரிந்ததுபோல முத்துமீனாவுக்குப் பட்டது.

தலைவர் பேனாவை மூடினார். "இந்தத் தாளைக் கொண்டுபோய்க் கிழிச்சிருங்க. தப்பு மெஷினோடது. நீ போய், என்னமோ புதுப்பிக்கணும்னியே, அதைப் பண்ணும்மா."

"சார், அதுக்கு ஒரு உத்தரவு அச்சுல வரணுமே?" என்றார் மலைச்சாமி, அழுகிற குரலில்.

"நான்தான் சொல்றேன்ல."

வைகைச்சாரல் கல்லூரி தொடங்கிய நாளிலிருந்து வாய்வழியாகப் பிறந்த முதல் உத்தரவு அதுதான். மலைச்சாமி அதைக் காதில் வாங்கிக்கொண்டார். ஆனால் எந்தக் கோப்பில் வைப்பது என்று தெரியாமல், காதைக் கையால் பொத்திக்கொண்டே படி இறங்கிப் போனார்.

ஹால்டிக்கெட்டுகள் மூட்டை மூட்டையாக வந்து விழுந்தன. தமிழ்வாணி ஒன்றை எடுத்து, தலைப்பைப் பார்த்துவிட்டு முத்துமீனாவைப் பார்த்தாள். "ஏய், யாருடி இந்தச் சௌந்தரராஜன்? புதுசா வந்திருக்காரா?"

"எனக்கும் இன்னைக்குத்தான் பழக்கம்."

சாயங்கால வெயில் வராந்தாவில் நீளமாக விழுந்திருந்தபோது அவள் ஒவ்வோர் அச்சுப்பொறியாகப் புதுப்பித்துக்கொண்டு போனாள். ஒவ்வொன்றும் அணைந்தது, இருட்டில் எதையோ யோசித்தது, பிறகு லேசாக இருமிக்கொண்டு விழித்தது. கல்லூரி காலியாகிவிட்டிருந்தது. நாலு மாடுகள் மட்டும் கேட் வழியாக உள்ளே வந்து, ஆள் இல்லாத வரவேற்பறையை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பின. கடைசியில் தலைவர் அறைப் பொறி. அவர் இன்னும் போகவில்லை. திரைச்சீலையை விலக்கிவிட்டு, மலைமேல் மஞ்சள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சதா?"

"முடிஞ்சது சார்."

"இனிமே பெரிய பேரெல்லாம் தாங்குமா?"

"எம்புட்டு நீளமா வேணாலும் தாங்கும் சார்."

அவர் தலையாட்டினார். அதில் சந்தோஷம் இருந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு கதவுவரை போனபோது, பின்னாலிருந்து, ரசத்துக்கு உப்புக் கேட்கிற அந்தக் குரல் கேட்டது.

"இந்தா பாரும்மா. தாங்கும்ங்கிறதை மலைச்சாமிகிட்ட இப்பச் சொல்லாத. திருவிழாவுல அழகர் ஆத்துல எறங்கிட்டு மலைக்குத் திரும்பிப் போகட்டும். அப்புறம் பாத்துக்கலாம்."

"சரிங்க சார்," என்றாள் முத்துமீனா. "நாளைக்கு வாரேன்."